உருளும் இரண்டு, பறக்கும் ஒன்று: வேறுபட்ட ரோபோக்களை ஓர் அணியாகப் பழக்குவது

ஒரே மாதிரி பத்து ரோபோக்களைச் சேர்ந்து இயங்கவைப்பது ஒரு வேலை. கண் ஒன்றிடமும் கால் இன்னொன்றிடமும் இருக்கும் அணியைச் சேர்ந்து இயங்கவைப்பது முற்றிலும் வேறு வேலை. ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் (நல்ல செயலுக்கு ரிவார்டு, அதாவது வெகுமதி எண், கொடுத்து முயன்று தவறிக் கற்கவைக்கும் முறை) கொண்டு இதைச் செய்ய வருபவர்கள் பெரும்பாலும் எந்த அல்காரிதம் என்ற கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ரோபோக்களுக்குள் இருக்கும் வேறுபாட்டை எங்கே எழுதிவைக்கப் போகிறோம்? முடிவெடுக்கும் தனித்தனி நியூரல் நெட்வொர்க்கிலா, அந்த நெட்வொர்க்குக்குள் போகும் எண்களிலா? இது தெளிவாகாமல் பயிற்சியைத் தொடங்கினால் ரிவார்டு வரைபடம் மேலே ஏறும், அணி மட்டும் உருவாகாது.

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. அதனால் எளிதில் வாங்கக்கூடிய மூன்று ரோபோக்களை வைத்தே சொல்கிறேன்.

அணியும் வேலையும்

சக்கரத்தில் உருளும் சிறு ரோபோக்களான டர்டில்பாட்3 பர்கர் இரண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 கிலோ, அதிகபட்ச வேகம் நொடிக்கு 0.22 மீட்டர். கூடவே ஒரு கிரேஸிஃப்ளை 2.1 ட்ரோன். எடை 27 கிராம், ஒரு சார்ஜில் சுமார் 7 நிமிடம் பறக்கும். இடம் 4 மீட்டருக்கு 4 மீட்டர் அறை. அதில் 5 இலக்குப் புள்ளிகள், ஒவ்வொரு எபிசோடிலும் (தொடக்கம் முதல் முடிவு வரையான ஒரு முழு ஆட்டம்) வேறு வேறு இடத்தில். ட்ரோன் ஒரு புள்ளிக்கு 0.5 மீட்டருக்குள் வந்தால்தான் அந்தப் புள்ளி அணிக்குத் தெரியவரும். தெரிந்த புள்ளிக்கு 0.25 மீட்டருக்குள் ஒரு பர்கர் போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது. ஐந்தில் இரண்டு புள்ளிகளுக்கு மட்டும் இரண்டு பர்கரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். எபிசோட் 120 நொடி.

இலக்குகளுக்குக் கேமரா, டேக் (கேமரா படிக்கும் அடையாளக் குறி) எல்லாம் முதல் நாளே வேண்டாம். புள்ளிகள் லேப்டாப்பில் மட்டும் இருக்கட்டும், ரோபோக்களின் இடத்தைப் பார்த்துக் கண்டதா இல்லையா என்று லேப்டாப்பே சொல்லட்டும். பார்வைச் சிக்கலையும் ஒத்துழைப்புச் சிக்கலையும் ஒன்றாக அவிழ்க்கப் போனால் எது எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

நொடிக்கு எத்தனை முடிவு

இதைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மூலைக்கு மூலை தூரம் 5.66 மீட்டர். பர்கர் அதைக் கடக்க 26 நொடி ஆகும். பாலிசி, அதாவது ரோபோ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் நெட்வொர்க், நொடிக்கு 5 முறை முடிவெடுத்தால் அது 130 அடி (ஒரு முடிவு ஓர் அடி). காமா (ஒவ்வோர் அடி தள்ளிக் கிடைக்கும் ரிவார்டின் மதிப்பையும் குறைக்கும் பெருக்கெண்) 0.99 என்றால், பயணத்தின் முடிவில் கிடைக்கும் ரிவார்டு தொடக்கத்தில் நின்று பார்க்கும்போது 0.27 மடங்காகச் சுருங்கிவிடும். அதே பயணத்தை நொடிக்கு 2 முடிவாகச் செய்தால் 52 அடிதான், மதிப்பு 0.59. அல்காரிதத்தில் எதையும் மாற்றாமலேயே தூரத்து இலக்குக்குப் போவது பர்கருக்கு இரண்டு மடங்கு மதிப்புள்ளதாகிறது. பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு நிற்கும் ரோபோவைப் பார்த்தால் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

ஆகவே முடிவு 0.5 நொடிக்கு ஒன்று. சக்கரத்தையும் இறக்கையையும் நிலைநிறுத்தும் கீழ்மட்டக் கட்டுப்பாடு அதன் வேகத்தில் தனியே ஓடட்டும். பர்கரின் திரும்பும் வேகம் நொடிக்கு 2.84 ரேடியன் வரை போகும். அதை அப்படியே விட்டால் ஒரே முடிவில் 81 டிகிரி திரும்பிவிடும், பாலிசியால் நேராக ஓட்டவே முடியாது. 1.0-க்கு மட்டுப்படுத்தினால் அடிக்கு 29 டிகிரி, அது போதும். ட்ரோனுக்கு உயரம் நிலையானது, பாலிசி கொடுப்பது கிடைமட்ட வேகம் இரண்டு எண் மட்டும், உச்சம் நொடிக்கு 0.5 மீட்டர்.

வேறுபாட்டை எங்கே வைப்பது

பர்கருக்குள் போகும் எண்கள்: தன் இடம் 2, திசையின் சைன், கோசைன் 2, தன் வேகங்கள் 2, தன் திறன் 2, முன்னுரிமை எண் 1. தோழர் ஒவ்வொருவருக்கும் சார்பு இடம் 2, திறன் 2, கடைசிச் செய்தியின் வயது 1. இலக்கு ஒவ்வொன்றுக்கும் சார்பு இடம் 2, தெரியுமா, முடிந்ததா, இருவர் வேண்டுமா என 5 எண். ஆக மொத்தம் 44. ட்ரோனுக்குத் திசையும் முன்னுரிமையும் தேவையில்லை, 41. தூரங்களை எல்லாம் 4-ஆல் வகுத்துவிடுங்கள். இலக்குகளின் வரிசையை எபிசோடுக்கு எபிசோட் கலைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் நெட்வொர்க் முதல் இடத்தில் வரும் இலக்குக்கே ஓடப் பழகும்.

இங்கே திறன் என்ற இரண்டு எண்கள்தான் முக்கியமானவை: அதிகபட்ச வேகம், பார்வை ஆரம். பர்கருக்கு 0.22, 0. ட்ரோனுக்கு 0.5, 0.5. 'நான் ரோபோ எண் 2' என்று அடையாள எண் கொடுப்பதுதான் வழக்கம். அடையாள எண் யார் என்று சொல்லும், என்ன முடியும் என்று சொல்லாது. அணியில் ஒரு ரோபோ மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. திறனை எண்ணாகக் கொடுத்து, பயிற்சியில் அதை எபிசோடுக்கு எபிசோட் மாற்றிக்கொண்டே இருந்தால் (பர்கர் வேகம் 0.10 முதல் 0.30 வரை, சிமுலேஷனில்) பாலிசி திறனைப் படிக்கக் கற்றுக்கொள்ளும்.

அடுத்தது நெட்வொர்க். மூன்று பேருக்கும் ஒரே நெட்வொர்க், குறையும் இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்புவது ஒரு வழி. ஆளுக்கொரு நெட்வொர்க் இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவே வகைக்கு ஒரு நெட்வொர்க்: பர்கர்கள் இரண்டும் ஒன்றைப் பகிரும், ட்ரோனுக்குத் தனி. என் பரிந்துரை நடுவழிதான். ஆளுக்கொன்று வைத்தால் ஒரு பர்கர் கற்றது மற்றதற்குப் போகாது, பயிற்சி இழுத்துக்கொண்டே போகும்.

எல்லாருக்கும் ஒன்று என்ற வழியின் ஆபத்து கொஞ்சம் நுட்பமானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெட்டினி, ஷங்கர், ப்ரோரோக் மூவரும் 2023-ல் காட்டியது இதுதான்: பகிர்ந்த நெட்வொர்க், தனக்கு வரும் எண்களிலிருந்தே 'நான் எந்த வகை' என்று ஊகித்து, வகைக்கு ஏற்ப நடந்துகொள்ளும். சிமுலேஷனில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். நிஜத்தில் இரைச்சல் சேர்ந்ததும் ஊகம் தடுமாறும். நம் அணியில் வைத்துப் பாருங்கள். வேகமான பர்கர் ஒன்று, மெதுவானது ஒன்று, திறன் எண் கொடுக்கவில்லை. நெட்வொர்க் தன் தற்போதைய வேகத்தைப் பார்த்து 'நான் வேகமானவன்' என்று கண்டுகொள்கிறது. கம்பள விரிப்பில் சக்கரம் வழுக்கி வேகம் குறைந்ததும், வேகமானது தன்னை மெதுவானது என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டும் பக்கத்து இலக்கையே தேடி ஒரே இடத்துக்கு வருகின்றன. வேறுபாட்டை நாம் எழுதிவைக்கவில்லை என்றால் நெட்வொர்க் அதைத் தானே எங்காவது எழுதிக்கொள்ளும், அந்த இடம் உறுதியானதாக இருக்காது.

பகிர்வதில் இன்னொரு சிக்கல், ஒரே மாதிரி ரோபோக்களுக்குள் வருவது. இரண்டு பர்கரும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, இடதும் வலதும் ஓர் இலக்கு. ஒரே நெட்வொர்க், ஏறக்குறைய ஒரே உள்ளீடு. இடதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருவருக்கும் p. பிரிந்து போகும் வாய்ப்பு 2p(1−p), உச்சம் 0.5. எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் பாதிக்கு மேல் போகாது. நான்கு ரோபோ இருந்து, முதல் இரண்டு ஒரு பக்கம், மற்ற இரண்டு மறுபக்கம் என்று பிரிந்தால் மட்டும் வெற்றி என்றால் உச்சம் 8-ல் 1. குபாவும் கூட்டாளிகளும் 2022-ல் வெளியிட்ட ஹாப்போ (அணியில் ஒவ்வொருவராகத் திருத்திப் பழக்கும் அல்காரிதம்) ஆய்வில் இது பொதுவான வடிவில் நிறுவப்பட்டிருக்கிறது: இழப்பு ரோபோ எண்ணிக்கையோடு அடுக்குக்குறியாக வளர்கிறது. மேலே சொன்ன முன்னுரிமை எண் இதற்குத்தான். ஒரு பர்கருக்கு 0, மற்றதற்கு 1. எபிசோடுக்கு எபிசோட் மாற்றிப் போட வேண்டும். ஒரு பிட் போதும், சமச்சீர் உடைந்துவிடும்.

ரிவார்டு

தேர் வடத்தில் கை வைத்திருக்கும் எல்லாரும் இழுப்பதில்லை. மூவருக்கும் பொதுவான ரிவார்டு கொடுக்கும்போது நடப்பது அதுதான். ஒரு பர்கர் நன்றாக ஓடி இலக்குகளை முடிக்கும், மற்றது ஓரத்தில் நின்றே அதே ரிவார்டைப் பெறும். நிற்பதுதான் நல்லது என்று அதன் நெட்வொர்க் முடிவு கட்டிவிடும். ஆளுக்குத் தனி ரிவார்டு கொடுத்தால் பர்கர்கள் போட்டி போட்டு ஒரே இலக்குக்கு ஓடும், இருவர் சேர்ந்து செய்ய வேண்டியது கிடப்பில் கிடக்கும். பொது ரிவார்டை வைத்துக்கொண்டு, இருவர் வேண்டிய இலக்குக்கு அதிக எடை கொடுப்பதே சரியான திசை. ஓர் இலக்கு கண்டால் 1, ஒருவர் முடிப்பதற்கு 5, இருவர் முடிப்பதற்கு 10, ஒவ்வோர் அடிக்கும் −0.01, மோதினால் −1. தொடக்கத்துக்கு இது போதும்.

வழிகாட்டும் சிறு ரிவார்டு இல்லாமல் இது கற்றுக்கொள்ளாது. 'இலக்கை நெருங்கினால் கொஞ்சம்' என்று நேரடியாகக் கொடுத்தால், நெருங்கி விலகி நெருங்கி விலகி அதிலேயே சம்பாதிக்கும். 1999-ல் ங், ஹராடா, ரஸ்ஸல் காட்டிய பொட்டென்ஷியல் முறை இதற்கு மருந்து: நிலைக்கு ஒரு மதிப்பு வைத்து, அடுத்த நிலையின் மதிப்பைக் காமாவால் பெருக்கி, இப்போதைய மதிப்பைக் கழித்துக் கொடுப்பது. சிறந்த பாலிசி மாறாது என்று உத்தரவாதம் உண்டு.

ஆனால் பொட்டென்ஷியலை எப்படி எழுதுகிறோம் என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. 'முடியாத இலக்குகளில் பக்கத்தில் இருப்பதன் தூரம், எதிர்க்குறியில்' என்றுதான் முதலில் தோன்றும். பர்கர் ஓர் இலக்கை முடித்த அதே கணத்தில் 'பக்கத்து இலக்கு' 3 மீட்டர் தள்ளி இருப்பதாக மாறுகிறது. தூரத்தைப் பெருக்கும் எண் 3 என்றால் −9. முடித்ததற்குக் கிடைத்தது 5. பர்கர் 0.26 மீட்டரில் வந்து நின்றுகொள்ளும், உள்ளே கால் வைக்காது. கோட்பாட்டின்படி இந்த இழப்பு பின்னால் ஈடாகும், ஆனால் அதுவரை பார்க்கத் தெரியாத நெட்வொர்க்குக்கு அது புரியாது. சரியான வடிவம்: முடியாத எல்லா இலக்குகளுக்கும் பக்கத்துப் பர்கரின் தூரத்தைக் கூட்டி, எதிர்க்குறி போடுவது. இருவர் வேண்டியதற்கு இரண்டு பர்கரின் சராசரித் தூரம். முடிந்த இலக்கின் தூரம் ஏற்கெனவே பூஜ்யத்துக்கு அருகில், அதை எடுத்துவிட்டாலும் தாவல் இல்லை. கூட்டலில் ட்ரோன் இன்னும் காணாத இலக்குகளும் சேர வேண்டும். சேர்க்காவிட்டால் புதிதாக ஒன்று கண்டதும் மதிப்பு இறங்கும், தேடாமல் இருக்க ட்ரோன் பழகும். ரிவார்டு கணக்கிடுவது சிமுலேஷன், அதற்கு எல்லாம் தெரியும். ரோபோவுக்குத் தெரியாததை ரிவார்டில் பயன்படுத்துவதில் தவறே இல்லை.

பயிற்சி

ஒரு கோடி அடி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அடிக்கு 0.5 நொடி, நிஜ ரோபோவில் 58 நாள் இடைவிடாமல் ஓட வேண்டும். 7 நிமிட பேட்டரியோடு அது நடக்காது. ஆயிரக்கணக்கான அறைகளை ஜிபியுவில் (கிராஃபிக்ஸ் சிப்) ஒரே நேரத்தில் ஓட்டும் சிமுலேட்டர் வேண்டும். கேம்பிரிட்ஜில் உருவான விமாஸ் இதற்கு வாகானது: பைடார்ச் என்ற நியூரல் நெட்வொர்க் நூலகத்தில் எழுதப்பட்டது, இரு பரிமாணம். நம் ட்ரோன் ஒரே உயரத்தில் பறப்பதால் அதுவே போதும். பயிற்சிக்குப் பெஞ்ச்மார்ல் என்ற மென்பொருள் நூலகம். அதில் ஏஜென்ட்களை (இங்கே ரோபோக்களை) குழுவாகப் பிரித்து, குழுவுக்குள் நெட்வொர்க்கைப் பகிரலாம். வகைக்கு ஒன்று என்ற ஏற்பாடு அப்படியே பொருந்தும். 512 அறைகள், அறைக்கு 60 அடி என்றால் ஒரு தொகுதி 30,720 அடி, ஒரு கோடிக்கு 325 அப்டேட் (நெட்வொர்க்கைத் திருத்தும் தடவை).

பல ரோபோக்களைச் சேர்த்துப் பழக்கும் மாப்போ என்ற அல்காரிதத்தில் தொடங்குங்கள். பயிற்சியின்போது கிரிட்டிக் (நிலை எவ்வளவு நல்லது என்று மதிப்பிடும் நெட்வொர்க்) எல்லாவற்றையும் பார்க்கும், ஓடும்போது ஒவ்வொரு ரோபோவும் தன்னிடம் உள்ளதை மட்டும் பார்க்கும். கிளிப் (ஒரு அப்டேட்டில் பாலிசி மாறுவதற்கான வரம்பு) 0.2 அல்லது அதற்குக் கீழ், ஒரு தொகுதிமேல் 5 முதல் 10 சுற்று, தொகுதியை மினிபேட்ச்சாக (சிறு துண்டுகளாக) நறுக்க வேண்டாம், கிரிட்டிக் கணிக்கும் மதிப்பைச் சீராக்குவது கட்டாயம். ஒரே தரவில் அதிகச் சுற்று ஓட்டினால் தனி ரோபோவில் தாங்கும், அணியில் தாங்காது. மற்றவர்களின் பழைய நடத்தைக்கு அளவுக்கு மீறிப் பொருந்திவிடும், அடுத்த தொகுதியில் அவர்கள் மாறியிருப்பார்கள்.

ட்ரோனும் பர்கரும் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு ரிவார்டு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் ஹாப்போவுக்கு மாறலாம். அதில் எல்லாரும் ஒன்றாக அப்டேட் ஆவதில்லை. வரிசையாக ஒவ்வொருவராக, முன்னால் மாறியவர்களின் புது, பழைய வாய்ப்புகளின் விகிதத்தை அட்வான்டேஜோடு (ஒரு செயல் சராசரியைவிட எவ்வளவு நல்லது என்ற எண்) பெருக்கிக்கொண்டு மாறுகிறார்கள். வரிசை ஒவ்வொரு முறையும் குலுக்கலில் வர வேண்டும்.

இருவர் வேண்டிய இலக்கு தற்செயலாக நடக்கும் என்று காத்திருக்க முடியாது. 0.25 மீட்டர் வட்டம் அறையில் 1.2 சதவீதம். இரண்டு பர்கரும் கண்மூடித்தனமாகச் சுற்றி ஒரே நேரத்தில் அதற்குள் இருப்பது பத்தாயிரம் அடியில் ஒன்றிரண்டு. வட்டத்தை 1 மீட்டரில் தொடங்கினால் அது 100-ல் 4. வெற்றி விகிதம் ஏற ஏற 0.25 வரை சுருக்குங்கள்.

பலரும் அல்காரிதத்தின் தலையில் போடும் ஒரு பிழை: ட்ரோனின் வேலை எளிது, சீக்கிரம் கற்றுவிடும். பர்கர்கள் இன்னும் தடுமாறும் கட்டத்தில், கண்டதற்குக் கிடைக்கும் 1 மட்டுமே அதற்கு வருமானம். அறையை வேகமாகச் சுற்றிவரும் ஒரு பாதையில் உறைந்துவிடும், என்ட்ரோபி (செயலைத் தேர்வதில் இருக்கும் தற்செயலின் அளவு) மிகவும் குறைந்துவிடும். பின்னால் பர்கர்கள் தேறியதும், பர்கருக்குப் பக்கத்துப் பகுதியை முதலில் பார்த்துச் சொல்வதுதான் லாபம். அதற்குள் ட்ரோன் புதிதாக எதையும் முயன்றுபார்ப்பதை நிறுத்திவிட்டிருக்கும். என்ட்ரோபியை வகைவாரியாகத் தனியே வரைந்து பாருங்கள். ட்ரோனின் கோடு மட்டும் முதலில் விழுந்தால் அதன் என்ட்ரோபி எடையைக் கூட்டி, மெதுவாகக் குறையுங்கள்.

அணியா, மூன்று தனி ஆட்களா

சராசரி ரிவார்டு இதைச் சொல்லாது. முதலில் கையால் எழுதிய திட்டத்தோடு ஒப்பிடுங்கள். ட்ரோன் 1 மீட்டர் இடைவெளியில் நான்கு கோடுகளாக அறையை உழுதால் 19 மீட்டர், 38 நொடியில் எல்லாம் தெரிந்துவிடும். பர்கர்கள் தெரிந்தவற்றில் பக்கத்ததைப் பிரித்துக்கொள்ளட்டும். இதைத் தாண்டாத பாலிசியை ரோபோவில் ஏற்ற வேண்டியதில்லை.

பிறகு ட்ரோனின் பாலிசியை எடுத்துவிட்டு இந்த உழவுப் பாதையை மட்டும் வையுங்கள். மதிப்பெண் குறையவில்லை என்றால் ட்ரோன் பர்கர்களைப் பார்த்து எதுவும் செய்யவில்லை. கடைசியாக, வெவ்வேறு சீடில் (தற்செயல் எண்களின் தொடக்க எண்) ஐந்து முறை பழக்கி, முதல் பயிற்சியின் ட்ரோனை மூன்றாம் பயிற்சியின் பர்கர்களோடு சேருங்கள். மதிப்பெண் சரிந்தால் அவர்கள் கற்றது வேலையை அல்ல, தங்களுக்குள் ஒரு ரகசிய வழக்கத்தை.

தரையில் இறக்கும்போது

கிரேஸிஃப்ளைக்கு 0.5 நொடி கட்டளை வராவிட்டால் அது தன்னைச் சமநிலைப்படுத்தும் நிலைக்குப் போகும், 2 நொடி வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடும். நம் பாலிசி முடிவெடுப்பதோ சரியாக 0.5 நொடிக்கு ஒருமுறை. கடைசிக் கட்டளையை நொடிக்கு 10 முறையாவது திரும்ப அனுப்பும் சின்ன நிரல் நடுவில் இருக்க வேண்டும். பர்கருக்கும் அதுபோல ஒரு காலக்கெடுவை நாமே எழுதிவைப்பது நல்லது.

லேப்டாப்பிலிருந்து ட்ரோனுக்குக் கட்டளை அனுப்பும் கிரேஸிரேடியோவின் இயல்பு சேனல் 80, அதாவது 2480 மெகாஹெர்ட்ஸ். பர்கரின் வைஃபையும் அதே 2.4 கிகா பட்டையில்தான். பர்கருக்குள் இருக்கும் சிறு கணினி ராஸ்பெரி பை 3பி என்றால் வேறு வழியில்லை, 3பி+ அல்லது 4 என்றால் 5 கிகாவுக்கு மாற்றிவிடுங்கள். எப்படியும் செய்தி தவறும், தாமதமாகும். சிமுலேஷனில் 10 சதவீதச் செய்திகளைக் கைவிட்டு, 0.3 நொடி வரை தாமதம் சேர்த்துப் பழக்கினால், செய்தியின் வயது என்ற எண்ணைப் படிக்க நெட்வொர்க் கற்றுக்கொள்ளும்.

மோதல் தடுக்கும் அடுக்கு ஏதாவது வைப்பதானால் அது பயிற்சியிலும் இருக்க வேண்டும். ரோபோவில் மட்டும் சேர்த்தால், இரண்டு பர்கர் எதிரெதிரே வந்து இரண்டையும் அந்த அடுக்கு நிறுத்திவிடும். அப்படியொரு நிலையைப் பாலிசி பார்த்ததே இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது ஆயத்தளம், அதாவது இடத்தை அளக்கும் அச்சுகள். ட்ரோன் ஓர் அமைப்பால் தன் இடத்தை அறிகிறது, பர்கர் லைடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) வரைபடத்தால். இரண்டுக்கும் 5 டிகிரி சாய்வு வித்தியாசம் இருந்தால் 4 மீட்டர் தள்ளி 0.35 மீட்டர் பிழை. நம் வட்டமோ 0.25. பர்கர் 'சரியாக' வந்து நிற்கும், இலக்கு முடியாது, பாலிசியைக் குறை சொல்வோம். ட்ரோனையும் பர்கரையும் அறையின் மூன்று மூலைகளில் ஒரே குறியில் வைத்து, இரண்டு அளவையும் எழுதி, சுழற்சியையும் நகர்வையும் கணக்கிட்டுத் திருத்துங்கள். ஒவ்வொரு முறை அமைப்பை எழுப்பும்போதும் இதைச் செய்ய வேண்டும்.

நெட்வொர்க் பெரிதாக இருக்கத் தேவையில்லை. 64 அலகில் இரண்டு அடுக்கு என்றால் ட்ரோனுக்கு 6,978 எண்கள், 28 கிலோபைட்.

அணி ஓடத் தொடங்கியதும் ஒரு பர்கரை எடுத்துவிட்டு டர்டில்பாட்3 வாஃபிள் பை ஒன்றை வையுங்கள். அதன் வேகம் நொடிக்கு 0.26 மீட்டர், நாம் பழக்கிய 0.10-0.30 எல்லைக்குள். திரும்பும் வேகத்தை ஏற்கெனவே 1.0-ல் நிறுத்திவிட்டோம். புதிதாகப் பயிற்சி வேண்டாம், திறன் எண்ணில் 0.22 இருந்த இடத்தில் 0.26 என்று எழுதினால் போதும். தூரத்து இலக்குகள் அதன் பங்குக்கு அதிகம் வரத் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். வந்தால் வேறுபாடு சரியான இடத்தில்தான் இருக்கிறது. வராவிட்டால் பயிற்சியில் வேகத்தை மாற்றிப் போடும் வரியைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.